எட்டாவது துண்டு

கோணவட்டத்தில் ஆறாயிரத்து ஐந்நூறு சொன்னான்.
ஐயாயிரத்து இருநூறுக்கு முடிந்தது.
எந்த வண்டியில் இருந்தது, ஏன் கழற்றினார்கள்
என்று நான் கேட்கவில்லை.
கேட்டால் சொல்லும் முகமும் இல்லை அது.
ஆட்டோவில், கோணி சுற்றி,
என் செருப்புக்குப் பக்கத்தில்
தொரப்பாடி வரை
எண்ணெய் வடித்துக்கொண்டே வந்தது.

ராணிப்பேட்டைப் பக்கம் ஓடிய வண்டியாக இருக்கும்.
அலுமினியத்தின் மேல் வெள்ளை பூத்திருந்தது,
தோல் ஷெட்டுச் சுவர் போல.
நம் போர் தண்ணீர் பட்டால் இன்னும் பூக்கும்.
டீசல்தான்.
தம்பி குணாளனுக்கு ஆம்னி ஓட்டத் தெரியும்,
கழுவத் தெரியாது.

எனக்கு அது ஒன்றுதான் தெரியும்.
பதினாறு வருடமாக ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில்
கத்தியும் இடுக்கியும் வேகவைத்துக் கட்டுகிறேன்.
கழுவுமுன் வாய்களை எண்ணு:
அங்கே கைக்கு வந்த புத்தி.
இதற்கு எட்டு.
தண்டு நுழையும் முன்வாய், வால்பக்கம்,
லீவர் நிற்கும் பள்ளம், மீட்டர் ஒயர் துளை...
உச்சியில் மிளகளவு ஒன்று,
எதற்கென்று தெரியவில்லை. அதையும்தான்.
துணி திணித்தால் நூல் விடும்.
பாலித்தீன் வைத்து மேலே டேப்,
ஆவியில் வெந்தால் கோடு கறுக்குமே, அந்த டேப்,
தீர்ந்த ரோலின் மிச்சம்.
எட்டுத் துண்டு.

பல் விளக்கும் பிரஷ். பித்தளை பிரஷ். கோணி ஊசி.
வார்ப்பின் இடுக்கெல்லாம் யாரோ ஓட்டிய சாலை:
செம்மண், கரிசல், ஒரு வேப்பங்கொட்டை,
நசுங்கிய சோடா மூடி.
டிரெயின் போல்ட்டின் காந்தத்தில்
இரும்புத்தூள் மீசை அரும்பியிருந்தது.
விரலில் தேய்த்தேன். நைசு.
உடைந்த பல் எதுவுமில்லை.
யாரோ, கிளட்சை முழுசாய் மிதித்த ஆள்.

அக்னி நட்சத்திரம்.
மாடித் தரையில் வடகம் போலத் திருப்பிக் காயவைத்து
சில்வர் பெயின்ட், இரண்டு கை.
தண்டின் பற்களுக்கு மெலிசாய் கிரீஸ்.
மேலே அரிசிப் பையைப் போர்த்தினேன்.
இரண்டு நாள் பூனை வந்து முகர்ந்துவிட்டுப் போனது.

வியாழன் மதியம் அன்சர் பாஷா வந்தார்.
பையைத் தூக்கிப் பார்த்தார்.
"இன்னாமா, ஆப்பரேஷன் தியேட்டருக்கா அனுப்பற?"
மல்லாந்து வண்டிக்கு அடியில் போனார்.
அவர் டேப்பைக் கிழித்துக் கிழித்து எறிய
பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டேன்.
தரையில் எதுவும் கிடந்தால் எனக்கு ஆகாது.
புது சீல், ஒன்றேகால் லிட்டர் ஆயில்.
குணாளன் அப்துல்லாபுரம் வரை ஓட்டிவந்து
மூன்றாவது கியர் வெண்ணெய் என்றான்.
நான் நைட் ஷிப்ட் கிளம்பினேன்.

இரண்டரை மணி.
ட்ரேயில் பஞ்சு எண்ணிக்கொண்டிருந்தேன்.
பேனாவுக்காகச் சுடிதார்ப் பைக்குள் கை விட்டால்
ஒட்டி உருண்டையாய்க் கிடந்தது டேப்.
பிரித்தேன்.
ஏழு.
மறுபடி பிரித்தேன்.

உச்சியில் மிளகளவு.
அதன் மேலேயும் பெயின்ட் அடித்தது நான்தான்,
இரண்டு கை.

அன்சர் பாஷா தூக்கத்தில் எடுத்தார்.
"அது பிரீதர்மா. சூடாச்சுன்னா காத்து போற வழி.
அட்ச்சி வெச்சா சீலைப் பிச்சினு ஆயில் வந்துரும்."
கொஞ்ச நேரம் மின்விசிறிச் சத்தம் மட்டும்.
"நான் பாத்திருக்கணும்."

நாலு மணிக்குக் குணாளன் காட்பாடி போக வேண்டும்.
ராஞ்சியிலிருந்து ஒரு குடும்பம்,
உட்கார முடியாத ஒரு ஆள்.
எழுப்பினேன். திட்டினான்.
டார்ச்சைக் கடித்துக்கொண்டு அடியில் போனான்.
போனில் கல் உரசுவது கேட்டது, ஒரு நாய்,
அப்புறம் டார்ச்சைத் துப்பிவிட்டு:
"எங்கக்கா? எல்லாமே வெள்ளியா கீது."
"பாக்காதடா. தடவு. ஒரு ஓரம் தட்டும்."
நகம் கீறும் சத்தம்.
நான் மூச்சு விடவில்லை என்பது
மேசை விளிம்பைப் பிடித்திருந்த கையைப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

"வந்துச்சு."
"சீல்ல ஈரம்?"
"இல்ல. போவட்டுமா?"
"போ. அந்தத் துண்டைத் தூக்கிப் போட்டுடாத,
சட்டைப் பையில வை.
காலையில நான் பாக்கணும்."

ட்ரேயில் எதுவரை எண்ணினேன் என்பது மறந்துவிட்டது.
ஒன்றிலிருந்து ஆரம்பித்தேன்.